சான்று காசுக்குத்தான், விலைக்கு அல்ல

கேள்வி: நான் காரைக்குடி. வயது 63. என் ஆயா வீட்டு வழியில் வந்த பவுன் காசுகள் பதினொன்று என்னிடம் உள்ளன. ஒன்பது, பழைய காசுமாலையில் கோத்திருந்தவை. இரண்டு தனிக் காசுகள்: ஒன்றில் 1918 என்றும் ‘ஐ’ என்று ஓர் எழுத்தும் இருக்கின்றன; இன்னொன்றில் 1917 என்று இருக்கிறது, இதில் எழுத்து எதுவும் தெரியவில்லை. சென்ற மாதம் ஒரு முகவர் போனில் பேசினார். ‘அமெரிக்கச் சான்று பெற்ற அரிய தங்கக் காசுகள்’ ஐந்து தருவதாகவும், மூன்று வருடத்தில் அவர்களே கூடுதல் விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். விலை, தங்க மதிப்பைப் போல இரண்டரை மடங்கு வருகிறது. எனக்கு ஒரு வைப்புத்தொகை முதிர்கிறது, அதைப் போடலாமா? சிங்கப்பூரில் இருக்கும் என் மகன், “நம்ம காசையே எடுத்துட்டுப் போய் சர்டிபிகேட் வாங்கிட்டா நாமே அந்த விலைக்கு விற்கலாமே” என்கிறான். பொங்கலுக்கு வருகிறான், கையோடு கொண்டுபோகிறேன் என்கிறான். காசுகள் கறுத்திருக்கின்றன, புளி போட்டுத் தேய்த்துக் கொடுக்கலாமா? காசுகளின் படங்களும் முகவர் அனுப்பிய பட்டியலும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு வணக்கம். முதலில் மூன்று ‘வேண்டாம்’. அந்த ஐந்து காசு வேண்டாம். மகன் கையில் காசைக் கொடுத்தனுப்ப வேண்டாம். புளி வேண்டவே வேண்டாம். காரணங்களைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதே முகவர் வேறு பெயரில் மறுபடியும் பேசுவார்.

உங்கள் கடிதத்தில் ‘சான்று’ என்பதை ஒரே பொருளில் எழுதியிருக்கிறீர்கள். தங்கக் காசு விஷயத்தில் அது இரண்டு வேறு சங்கதி. நகைக்கடையில் நாம் பார்க்கும் 916 ஹால்மார்க், தங்கத்தின் மாற்றுக்கான உத்தரவாதம். அந்தக் காசை யார் அடித்தார்கள், எப்போது அடித்தார்கள் என்பதைப் பற்றி அதற்கு அக்கறை கிடையாது. முகவர் சொல்லும் அமெரிக்கச் சான்று வேறு ரகம். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்று இரண்டு பெரிய நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. முதலாவது 1986-லும் அடுத்தது 1987-லும் வேலையைத் தொடங்கின. காசை வாங்கிப் பார்த்து, அசலா போலியா என்று முடிவு செய்து, தேய்மானத்தைக் கணக்கிட்டு ஒரு எண் கொடுத்து, திறந்தால் தெரிந்துவிடும்படியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருவார்கள். சேகரிப்பாளர்கள் இதை ‘ஸ்லாப்’ என்பார்கள். அந்த எண் 1 முதல் 70 வரை போகும். 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்த அளவுகோல் அது. இன்று இந்த நிறுவனங்கள் எல்லா நாட்டுக் காசுக்கும் அதையே பயன்படுத்துகின்றன. 60-ம் அதற்கு மேலும் என்றால் கைமாறிப் புழங்காத காசு, எம்.எஸ். 60, எம்.எஸ். 63 என்று எழுதுவார்கள். 50 முதல் 58 வரை ஏ.யூ.; லேசாகப் புழங்கியது. அதற்குக் கீழே போகப்போகத் தேய்மானம் கூடும்.

அந்தப் பெட்டியின் மேல்சீட்டில் காசின் பெயர், ஆண்டு, தர எண், சான்று எண் எல்லாம் இருக்கும். என்ன விலைக்குப் போகும் என்று இருக்காது. அரிய காசா, வண்டி வண்டியாகக் கிடைக்கும் காசா என்றும் பெரும்பாலும் இருக்காது. முகவர் இட்டு நிரப்புவது அந்த வெற்றிடத்தைத்தான். அசல் பெட்டி, அசல் சீட்டு, அசல் காசு எல்லாம் இருந்தும் நீங்கள் கொடுத்த விலை மட்டும் பொய்யாக இருக்க முடியும். சட்டப்படி அதை மோசடி என்று நிரூபிப்பதும் கஷ்டம்.

அவர் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஐந்தில் நான்கு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட சாதாரணப் பவுன் காசுகள் (ஆங்கிலத்தில் ‘சாவரின்’ என்ற பிரிட்டிஷ் தங்கக் காசு): 1911, 1912, 1913, 1925. இவை லட்சக்கணக்கிலும், சில ஆண்டுகளில் கோடிக்கணக்கிலும் அடிக்கப்பட்டவை. 1925 இன்னும் வேடிக்கை. லண்டன் அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் சாலை, 1949-லும், 1951, 1952-லும் அதே 1925 என்ற ஆண்டைப் போட்டே மறுபடி அடித்தது. அதை ‘நூறாண்டு பழைய அரிய காசு’ என்று விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். எம்.எஸ். 63 என்பது நல்ல தரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பல காசுகள் பை பையாகக் கஜானாவில் கிடந்துவிட்டு அப்படியே சேகரிப்பாளர் கைக்கு வந்தவை. அந்தத் தரத்தில் உலகச் சந்தையில் எப்போதும் கிடைக்கும். தங்க விலைக்கு மேல் கொஞ்சம் கொடுக்கலாம். இரண்டரை மடங்குக்கு நியாயமே இல்லை.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். “தம்பி, இதே 1912 எம்.எஸ். 63 காசு ஒன்று, இதே கம்பெனிப் பெட்டியில் என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு என்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறீர்கள்?” என்று கேளுங்கள். சொல்கிற விலைக்கும் உங்களிடம் கேட்ட விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் முதல் நாளே இழக்கப்போகும் தொகை. ‘மூன்று வருடம் கழித்து நாங்களே எடுப்போம்’ என்பதை எழுத்தில் கேட்டால், எந்த விலைக்கு, யார் மதிப்பிட்டு என்ற இடத்தில் எழுத்து மங்கிவிடும். அப்படியே தெளிவாக எழுதிக் கொடுத்தாலும் மூன்று வருடம் கழித்து அந்தக் கம்பெனி இருக்க வேண்டுமே. இது புதிய கதையும் இல்லை. அமெரிக்காவில் 1980-களின் கடைசியில் பங்குச்சந்தைப் பணம் இந்த ஸ்லாப் காசுகளுக்குள் புகுந்தது; 1989-ல் விலைகள் உச்சத்துக்குப் போயின; அடுத்த ஆண்டே சரிந்தன. காசுகள் எல்லாம் அசல், சான்றுகள் எல்லாம் அசல். வாங்கியவர்கள்தான் கெட்டார்கள்.

போலிச் சான்றும் உண்டு. பெட்டியையே போலியாக வார்க்கிறார்கள். அதனால் யாரிடம் வாங்கினாலும், சீட்டில் உள்ள எண்ணை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். எண் இருக்கிறது என்பதோடு நிற்கக் கூடாது. ஏதோ ஓர் அசல் பெட்டியின் எண்ணைப் படியெடுத்துத்தான் போலிச் சீட்டு அடிப்பார்கள். அங்கே படம் இருந்தால், காசின் மேல் உள்ள கீறல், புள்ளி, நிற மாற்றம் எல்லாம் கையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டு காசுக்கு ஒரே கீறல் ஒரே இடத்தில் விழாது. இன்னொன்றும்: விற்பவரே அச்சடித்த ‘நம்பகத்தன்மைச் சான்றிதழ்’ என்று தங்கப் பூச்சு எழுத்தில் ஓர் அட்டை வரும். அதைப் பேரப்பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கலாம்.

இனி உங்கள் காசுகள். இங்கேதான் எனக்கு ஆர்வம்.

காது (மாலையில் கோக்கப் பற்றவைத்த வளையம்) வைத்த ஒன்பதையும் தனியாக எடுத்து வையுங்கள். படத்தில் பத்தர் பற்றாசு வைத்து ஊதியது விளிம்பில் நன்றாகத் தெரிகிறது. மூன்றில் காதை அறுத்துவிட்டு அரம் போட்டிருக்கிறார்கள், வரிவரியான விளிம்பு அங்கே மட்டும் வழுவழு என்று இருக்கிறது. இப்படிப்பட்ட காசைத் தரச்சான்றுக்குக் கொடுத்தால் எண் கிடைக்காது. ‘அசல், ஆனால் காது எடுக்கப்பட்டது’ என்று குறையைச் சீட்டிலேயே அச்சிட்டுத் தருவார்கள். கட்டணமும் கட்டி, குறையையும் பதிவு செய்துகொள்வானேன்? எட்டாம் படத்தில் இருக்கும் விக்டோரியா காசு ஒன்று மட்டும் கேடயம் போட்டது. அதில் கேடயத்தைச் சுற்றிய இலைமாலைக்குக் கீழே சின்னதாக ‘எஸ்’ என்ற எழுத்து தெரிகிறது; சிட்னி அக்கசாலை. அந்தச் சாலை இந்தக் கேடய வகையை 1871 முதல் 1887 வரை அடித்தது. காது இல்லாமல் இருந்திருந்தால் தங்க விலைக்கு மேல் நல்ல விலை சொல்லியிருப்பேன். இப்போதும் கொஞ்சம் கூடக் கிடைக்கும், அவ்வளவே. என்னைக் கேட்டால் இந்த ஒன்பதையும் மறுபடி மாலையாகக் கோத்து மருமகளுக்கோ பேத்திக்கோ கொடுப்பதுதான் சரி. உருக்கிச் சங்கிலி செய்தால் சேதாரமும் கூலியும் போய், மிஞ்சுவது எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒரு சங்கிலி.

1918-க்கு வருவோம். ‘ஐ’ என்று ஓர் எழுத்து இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காசின் மறுபக்கம், வீரனைச் சுமந்த குதிரை நிற்கும் தரைக்கோட்டின் நடுவில், ஆண்டு எண்ணுக்கு நேர் மேலே, இல்லையா? அதுதான் பம்பாய் அக்கசாலை. முதல் உலகப் போரில் கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்தன; தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி, காசாக அடித்துத் திரும்பக் கொண்டுவருவது ஆபத்து, தாமதம். அப்போது இந்தியாவில் பவுன் காசு சட்டப்படி செல்லும் பணம். 1899 முதல் ஒரு பவுன் 15 ரூபாய் என்று கணக்கு. அதனால் பம்பாயிலேயே லண்டன் அக்கசாலையான ராயல் மின்ட்டின் கிளை ஒன்றை 1918-ல் திறந்தார்கள். அச்சுகள் வந்து சேரும்வரை சமாளிக்க, அதே எடை அதே மாற்றில் ‘15 ரூபாய்’ என்றே எழுதிய மொகர் என்ற தங்கக் காசையும் அந்த வருடம் அடித்தார்கள். பம்பாயில் அடித்த பவுன் சுமார் 13 லட்சம். 1919-ல் கிளையை மூடிவிட்டார்கள். பிரிட்டிஷ் காலத்தில் இந்திய மண்ணில் பவுன் அடித்தது அந்த ஒரு முறைதான். காசில் இருக்கும் ஆண்டும் ஒன்றே ஒன்றுதான், 1918.

இதைக் கேட்டவுடன் எல்லோரும் அரிய காசு என்று துள்ளுகிறார்கள். 13 லட்சம் அடித்ததை அரிது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் நாட்டில் இதற்குத் தனிப் பிரியம் இருக்கிறது. அதனால் சாதாரண லண்டன் காசைவிட விலை கூடுதல். உண்மையில் அரிது எதுவென்றால், இதே காசு புழங்காத உயர் தரத்தில் கிடைப்பது. உங்கள் காசில் மன்னரின் காதுக்கு மேல் முடியிழைகள் ஒட்டிப்போயிருக்கின்றன, மீசையும் தாடியும் கலக்கும் இடம் தட்டையாக இருக்கிறது. மறுபக்கம் குதிரை வீரனின் தொடையிலும் தலைக்கவசத்திலும் தேய்மானம் தெரிகிறது. நல்ல புழங்கிய காசு, எம்.எஸ். எல்லாம் கிடையாது. ஒரு எச்சரிக்கை: 2013 முதல் ராயல் மின்ட்டின் அனுமதியோடு எம்.எம்.டி.சி.-பாம்ப் நிறுவனம் இந்தியாவில் பவுன் அடிக்கிறது, அதிலும் ‘ஐ’ எழுத்து உண்டு. எழுத்தை மட்டும் காட்டி ‘பம்பாய் சாலை’ என்று யாராவது விற்க வந்தால் ஆண்டைப் பாருங்கள், தலையைப் பாருங்கள்.

1917 காசுக்காகத்தான் நான் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். ‘இதில் எழுத்து எதுவும் தெரியவில்லை’ என்கிறீர்கள். எழுத்தே இல்லை என்றால் அது லண்டன் சாலை. லண்டனில் அந்த வருடம் 10 லட்சத்துக்கு மேல் அடித்தும், பெரும்பகுதி போர்க் கடனுக்காக அமெரிக்கா போய் உருக்கப்பட்டுவிட்டது என்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் விளக்கம். விளக்கம் எப்படியோ, லண்டன் 1917 இன்று மிக அரிய காசு. ஆனால் 1917-ல் சிட்னியும் மெல்போர்னும் பெர்த்தும் லட்சக்கணக்கில் அடித்தன, கனடாவின் ஒட்டாவா ஏறக்குறைய 59 ஆயிரம் அடித்தது. அவற்றில் முறையே எஸ், எம், பி, சி என்ற எழுத்து இருக்கும். அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் லண்டன் காசு ‘தயார்’. அதனாலேயே 1917-ல் அசலைவிட வேஷம் போட்டது அதிகம்.

ஆகவே ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இப்படிப் பாருங்கள். பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்குங்கள். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். காசை விளிம்பில் பிடித்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் படுத்து விழும்படி செய்யுங்கள். ஆண்டு எண்ணின் மேலே தரைக்கோடு ஓடுகிறதே, அதன் நடுவை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் தேய்ந்த ஓர் எழுத்தின் நிழல் தெரிந்துவிடும், கதை அங்கேயே முடிந்தது. எழுத்து இல்லையென்றால், அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுப் பள்ளமாகவோ, வேறு மாதிரி பளபளப்பாகவோ, நுண்ணிய கீறல்கள் ஒரே திசையில் ஓடுவதாகவோ இருக்கிறதா? இருந்தால் சுரண்டியிருக்கிறார்கள். கோடு இருபக்கமும் ஒரே சீராக, ஒரே உயரத்தில், ஒரே தேய்மானத்தோடு போகிறது என்றால் மட்டும் மேற்கொண்டு பேசலாம்.

அடுத்து எடை. 0.01 கிராம் காட்டும் சிறிய மின்தராசு போதும். பவுன் காசின் எடை 7.988 கிராம். புழங்கித் தேய்ந்தாலும் 7.938-க்குக் கீழே போனால் அதைச் செல்லாது என்று ஒதுக்கிவிடுவது அந்தக் காலத்துச் சட்டம். உங்கள் காசு 7.94-க்கும் 7.99-க்கும் நடுவில் நிற்க வேண்டும். விட்டம் 22 மில்லிமீட்டர் சொச்சம். பிறகு, தராசின் மேல் பாதித் தண்ணீர் ஊற்றிய ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தையல் நூலில் காசைச் சுருக்குப் போட்டுக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் மெல்ல ஆட்டிப் போக்குங்கள். தராசு 0.45 காட்ட வேண்டும், 0.44, 0.46 என்றாலும் பரவாயில்லை. 22 காரட் தங்கத்தின் அடர்த்தி அப்படி. வெள்ளியில் முலாம் என்றால் 0.7-ஐத் தாண்டும். நூல் இழையைக் கையால் பிடிக்காமல் ஒரு கரண்டிக் காம்பில் கட்டித் தொங்கவிட்டால் எண் ஆடாது.

இதில் தேறிவிட்டால் தங்கம் என்று நம்பலாம். அசல் காசு என்று நம்ப முடியாது. 1950-களிலும் 60-களிலும் பவுன் காசு தங்க மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குப் போனது, குறிப்பாக மேற்காசியாவில். அதனால் நல்ல தங்கத்திலேயே போலி அடித்தார்கள். எடை சரி, மாற்று சரி, அச்சு மட்டும் அவர்களுடையது. பெய்ரூட் போலி என்று பேர் வாங்கியவை இவை. வளைகுடாவிலிருந்து வந்த நகைகளில் இன்றும் பார்க்கிறேன். கண்டுபிடிக்கும் இடங்கள் உண்டு: மன்னர் கழுத்தின் வெட்டில் ‘பி.எம்.’ என்று வடித்தவரின் முதலெழுத்துகள், குதிரைப் பக்கம் ஆண்டுக்கு வலப்புறம் ‘பி.பி.’ என்ற எழுத்துகள். பெர்ட்ரம் மக்கென்னல், பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இரு சிற்பிகள். அசலில் இவை கூர்மையாக நிற்கும். போலியில் மெழுகு உருகியது போல மழுங்கியிருக்கும். விளிம்போரப் பற்கள் ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் குறுகலாகவும் இருந்தால் சந்தேகம். சமதளத்தில் பள்ளமாக இருப்பது அடிபட்ட தழும்பு, கவலையில்லை. பரு போல மேலெழும்பி இருந்தால் அச்சிலேயே கோளாறு. கடையில் விற்றால் நகைக்கடைக்காரர் தங்க விலை கொடுத்துவிடுவார், அவருக்கு வித்தியாசம் இல்லை. சேகரிப்பாளருக்குத்தான் வித்தியாசம் எல்லாம்.

இப்போது மகனின் யோசனை. பிள்ளை நல்ல கணக்குத்தான் போட்டிருக்கிறார், சட்டத்தை மறந்துவிட்டார். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத பொருள்களைத் தொல்பொருள் என்கிறது. அந்த வரையறையில் எடுத்த எடுப்பிலேயே வரும் பொருள் நாணயம்தான். தொல்பொருளை மத்திய அரசோ, அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. ‘தரச்சான்று வாங்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம்’ என்பது விமான நிலையத்தில் எடுபடாது. கூரியரும் அதே. கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு போகலாமே என்று நினைக்கலாம். சட்டத்தில் கழுத்துக்கென்று விலக்கு எதுவும் இல்லை. உங்கள் பதினொன்றும் இந்த வரையறைக்குள் வருகின்றன. நூறு ஆண்டு ஆகாத காசு என்று ஐயமற நிரூபிக்க வேண்டியிருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கலாம். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. உங்கள் காசுகளுக்கு அது பொருந்தாது.

சட்டப்படியான உரிமை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் அமெரிக்க உதாரணம். 1933-ஆம் ஆண்டின் 20 டாலர் தங்கக் காசு 4,45,500 அடிக்கப்பட்டு, வெளியே விடாமலேயே உருக்க உத்தரவானது. சில வெளியே கசிந்தன. தனியார் வைத்துக்கொள்ள அரசு அனுமதித்தது அவற்றில் ஒன்றை மட்டும். அந்த ஒன்று 2021-ல் 1.89 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதே அச்சில் வந்த மற்ற காசுகள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அவற்றைப் பெட்டகத்தில் வைத்திருந்த குடும்பம் நீதிமன்றத்தில் தோற்றது.

உள்நாட்டில் வைத்திருக்கவும், குடும்பச் சொத்தாகக் கைமாற்றவும் உங்களுக்குத் தடை இல்லை. தொல்பொருளை வியாபாரமாக விற்பவர்களுக்கு உரிமம் வேண்டும். அதனால் விற்க நினைத்தால் உரிமம் பெற்ற ஏல நிறுவனம் வழியாகப் போங்கள். மும்பையிலும் பெங்களூரிலும் முறையாக நாணய ஏலம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களே படம் எடுத்து, தரம் குறித்து, பட்டியலில் போடுவார்கள். பம்பாய் 1918-க்கு அந்தப் பட்டியல் வர்ணனையே போதும், பெட்டி தேவையில்லை. முந்தைய ஏலங்களில் அதே காசு, அதே தரம் என்ன விலைக்கு விற்றது என்று அவர்கள் வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். சென்னைக்கு வரும்போது மெட்ராஸ் காயின் சொசைட்டிக்காரர்களிடம் காட்டிப் பேசினால் செலவில்லாமல் இரண்டாவது கருத்து கிடைக்கும்.

வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வழிவழியாக வந்த தங்கத்தை விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்த பொருள் என்பதால், அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ள வழியிருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், சட்டம் அனுமதிக்காது.

செட்டிநாட்டிலிருந்து வரும் கடிதங்களில் இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: பழைய வீட்டைப் பிரிக்கும்போது சுவரில் காசுக் கலயம் கிடைத்தது, என்ன செய்வது? 1878-ன் புதையல் சட்டம் மண்ணில் புதைந்ததை மட்டும் சொல்லவில்லை, மண்ணோடு சேர்ந்த கட்டடத்தில் ஒளித்து வைத்ததையும் சொல்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்களுடையது சீராக வந்து பெட்டகத்தில் இருந்தது. அந்தத் தொல்லை இல்லை. சீர்ப் பட்டியல் எழுதிய பழைய நோட்டு ஏதும் வீட்டில் இருந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ‘பவுன் காசு 11’ என்று ஒரு வரி இருந்தால்கூடப் போதும். ஏலக்காரர் கேட்கும் முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

புளி, சோப்புத்தூள், பற்பசை, பூந்திக்கொட்டை எதுவும் ஆகாது. 22 காரட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு பெரும்பாலும் செம்பு. அந்தச் செம்புதான் காலப்போக்கில் கறுப்பும் சிவப்புமாகப் படர்கிறது. அது காசின் வயது, அழுக்கு இல்லை. தேய்த்தவுடன் மயிரிழைக் கீறல்கள் ஆயிரம் விழும். கண்ணுக்குப் பளபள, பூதக்கண்ணாடிக்குப் பாழ். ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று தரம் பார்ப்பவர் குறித்துவிட்டால் அதை அழிக்க வழி இல்லை. விளிம்பில் மட்டும் பிடியுங்கள், மெத்தைத் துணி விரித்த மேசையில் பாருங்கள். தனித்தனி உறையில் வையுங்கள், ஒன்றோடொன்று உரசவிடாதீர்கள். மெத்து மெத்தென்று வாசனை வரும் பி.வி.சி. உறை வேண்டாம், கெட்டியான பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். வங்கி லாக்கரில் வைப்பதானால், வங்கியின் தவறால் திருட்டோ தீயோ நேர்ந்தாலும் அதன் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கோடு நின்றுவிடும் என்பதைத் தெரிந்து வையுங்கள். படம் எடுத்து, எடை குறித்து, ஒரு பிரதியை மகனிடம் கொடுங்கள். அதை அவர் தாராளமாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகலாம்.

மகனுக்கு உண்மையிலேயே சேகரிக்கும் ஆசை வந்திருந்தால் தடுக்காதீர்கள். அவர் அங்கேயே வாங்கி, அங்கேயே வைத்துக்கொள்ளட்டும். இங்கே கொண்டுவந்தால் சுங்கத்தில் தனி வழக்கு. ஒட்டாவா சாலையின் ‘சி’ எழுத்துக் காசுகளில் தொடங்கலாம் என்பேன். 1911, 1917 போன்றவை எளிதாகக் கிடைக்கும், 1914 கொஞ்சம் தேட வேண்டும். 1916 ஆறாயிரத்துச் சொச்சம் அடித்ததில் எஞ்சியது மிகச் சில, அதை ஏலப் பட்டியலில் பார்த்துப் பெருமூச்சு விடலாம். 1908-ல் அடித்ததே 600-க்குச் சற்று மேல்தான். இப்படிப்பட்ட காசுக்குத்தான் தரச்சான்று அவசியம்; ஓர் எழுத்து இருப்பதும் இல்லாததும் பல மடங்கு விலையை மாற்றும்போது, அசல் என்று மூன்றாம் ஆள் சொல்வதற்குக் கட்டணம் கொடுப்பது நியாயம். தங்க விலையோடு ஏறி இறங்கும் சாதாரணக் காசைப் பெட்டிக்குள் அடைத்து வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்குத் தங்கத்தையே வாங்கிவிடலாம்.

வைப்புத்தொகையை வங்கியிலேயே புதுப்பியுங்கள். 1917 காசை விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டு, தரைக்கோடு மட்டும் பெரிதாகத் தெரியும்படி இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள். இடப்பக்க வெளிச்சத்தில் ஒன்று, வலப்பக்க வெளிச்சத்தில் ஒன்று. எடையையும் தண்ணீர் எண்ணையும் கூடவே எழுதுங்கள். அதுவரை அந்தக் காசைப் பற்றி வீட்டுக்கு வெளியே யாரிடமும் பேச வேண்டாம், முகவரிடம் முக்கியமாக.